உங்கள் ஊர் அரசுப் பள்ளி யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டது: அந்த வரலாற்றை எழுதும் முறை

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் நூற்றாண்டு விழாக் காணும் அரசுப் பள்ளிகள் வெளியிடும் மலர்களில், நிலம் கொடுத்தவர் பெயரும் தலைமையாசிரியர்கள் பட்டியலும் தவறாமல் இடம்பெறுகின்றன. எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த ஆண்டில் முதன்முதலாக அந்த வாசலுக்குள் வந்தார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஒரு பள்ளியின் உண்மையான வரலாறு அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை எழுத முன்வரும் ஆசிரியர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் இந்த வழிமுறை உதவும்.

முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, சேர்க்கை நீக்கல் பதிவேட்டின் மிகப் பழைய தொகுதியை அலுவலகத்திலேயே அமர்ந்து பாருங்கள். ஒவ்வொரு பத்தாண்டிலிருந்தும் ஓர் ஆண்டை எடுத்து, பெயர்களை விட்டுவிட்டு, பாலினம், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, தாய்மொழி, சமூகம், பெற்றோர் தொழில், நீங்கிய தேதி, நீங்கிய காரணம் ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

தாய்மொழிக் கட்டத்தை மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டும். காட்பாடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பதிவேட்டில், பக்கத்தின் முதல் வரியில் ‘தமிழ்’ என்று எழுதி, அதற்குக் கீழே கடைசி வரி வரை ‘மேற்படி’ என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். அந்த ஊரில் பாதித் தெருக்களில் இன்றும் வீட்டில் பேசுவது தெலுங்கு. எழுத்தரின் கைவேகத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் வீட்டுமொழி ஏட்டில் இல்லாமலே போயிருக்கிறது. ஆகவே அந்தக் கட்டத்தை மட்டும் நம்பாமல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகளோடும் ஊர்ப் பெரியவர்களின் நினைவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் உருது வழிப் பள்ளிகளின் பதிவேடுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் அணி 2016இல் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வந்தபோது, அப்பள்ளிகளில் போதிய தமிழாசிரியர்கள் இல்லை என்ற முறையீடு எழுந்தது. அந்த அணியில் படித்தவர்கள் இன்று இளைஞர்கள். அவர்களிடம் நேரில் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

சாதி பற்றி அறிய ஒரு பதிவேடு போதாது. சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இல் வந்தது; ஏறத்தாழ அதே காலத்தில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிப் பள்ளிகளைத் தொடங்கியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு பள்ளி இருந்தால், அதன் பதிவேட்டையும் ஊர்ப் பள்ளியின் பதிவேட்டையும் அருகருகே வைத்து, காலனிப் பிள்ளை ஒருவர் ஊர்ப் பள்ளியில் முதன்முதலாகச் சேர்ந்த ஆண்டையும், ஊர்த் தெருப் பிள்ளை யாரேனும் காலனிப் பள்ளியில் சேர்ந்ததுண்டா என்பதையும் தேடுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பல ஊர்களில் வெற்றிடமே விடையாகக் கிடைக்கக்கூடும். அந்த வெற்றிடத்தையும் எழுதத்தான் வேண்டும். காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1 அன்று சத்துணவும் தொடங்கின. அவ்வாண்டுகளை ஒட்டிச் சேர்க்கை எவ்வளவு கூடியது என்று எண்ணுவதோடு, சமைத்தவர் யார், எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டார்களா என்றும் முதியவர்களிடம் கேளுங்கள்.

நீங்கிய காரணக் கட்டத்தில் ‘நெடுநாள் வராமை’ என்ற குறிப்பு பெண் பிள்ளைகளுக்கு எந்த வயதில் கூடுகிறது என்று பாருங்கள். பீடி சுற்றும் ஊர்களில் பெற்றோர் தொழிலோடு இதைப் பொருத்திப் பார்ப்பது நன்று.

மாற்றுத்திறன் பிள்ளைகளின் வரலாறு பழைய ஏடுகளில் அரிதாகவே கிடைக்கும். மைய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் 1974இல் வந்தது. உரிமைச் சட்டங்கள் 1995லும் 2016லும் வந்தன. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இப்போதைய நிலையை வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களிடம் கேட்டறியலாம். பெயர் பள்ளியில் இருந்தும் வீட்டுவழிக் கல்வியிலேயே இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனியாகக் கேளுங்கள். சாய்தளம் இருந்தால், அது கழிப்பறை வரை போகிறதா என்று நடந்து பாருங்கள்.

அரசு ஆணைகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். 1911க்கு முன் வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர் என்பதையும், 1989இல் திருவண்ணாமலையும் 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின என்பதையும் நினைவில் வைக்காவிட்டால், தேடும் கோப்பு வேறு மாவட்டத் தலைப்பில் கிடப்பது தெரியாமல் போகும்.

எழுதி முடித்ததும், எவருடைய பெயரோடும் சாதியைச் சேர்த்து அச்சிடாதீர்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன், ஊர்த் தெருவில் ஒருமுறையும் காலனியில் ஒருமுறையும் உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே நிகழ்வை வேறு விதமாகச் சொன்னால், இரண்டையும் மலரில் சேருங்கள்.