சிஸ்டம் காலிலிருந்து திரும்பும் கெர்னல் குறிமுறையை எளிமையாக்கும் முறை

சிங்கப்பூரில் வேலை முடிந்த மாலைகளில் ஜூரோங் வட்டார நூலகத்தில் கூடி லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் படிக்கும் நாங்கள் பலமுறை திகைத்து நின்ற இடம், சிஸ்டம் கால், அதாவது பயனர் நிரல் கெர்னலிடம் கேட்கும் ஒரு வேலை, முடிந்து பயனர் நிரலுக்குத் திரும்பும் அசெம்பிளிப் பகுதியாகும் (அசெம்பிளி என்பது செயலியின் கட்டளைகளிலேயே எழுதப்படும் குறிமுறை). அதைச் சுருக்க விரும்புவோர், எந்த வேலையை அசெம்பிளியால் மட்டுமே செய்ய முடியும் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

எக்ஸ்86-64 செயலியில் திரும்புவதற்கு இரண்டு கட்டளைகள் உள்ளன. சிஸ்ரெட் விரைவானது, ஆனால் திரும்பும் முகவரியை ஆர்சிஎக்ஸ் என்ற பதிவகத்திலிருந்தும் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்), செயலியின் நிலையைக் காட்டும் கொடிகளை ஆர்11 பதிவகத்திலிருந்தும் மட்டுமே எடுக்கும். ஐரெட் மெதுவானது எனினும் எல்லாப் பதிவக நிலைகளுக்கும் பொருந்தும். எதைத் தேர்வது என்ற முடிவுக்கு அசெம்பிளி தேவையில்லை. ஆகவே அதை உண்மை அல்லது பொய் எனப் பதில் தரும் ஒரு சி செயற்கூறாக எழுதுங்கள், லினக்ஸ் 6.7 பதிப்பிலும் அவ்வாறே மாற்றினார்கள்.

அச்செயற்கூறு, சேமித்த ஆர்சிஎக்ஸும், திரும்ப வேண்டிய முகவரியான ஆர்ஐபியும் ஒன்றா, ஆர்11-உம் கொடிகளும் ஒன்றா, சிஎஸ், எஸ்எஸ் ஆகிய பிரிவுப் பதிவகங்களில் இருப்பவை வழக்கமான பயனர் மதிப்புகளா, பிழைதிருத்தத்துக்கான ஆர்எஃப் (RF), டிஎஃப் (TF) கொடிகள் அணைந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். முகவரி பயனர் எல்லைக்குள் இருக்கிறதா என்ற சோதனையை ஒருபோதும் நீக்காதீர்கள். 48 பிட் முகவரியமைப்பில் மேல் பிட்டுகள் 47-ஆம் பிட்டுடன் ஒத்திராத முகவரியைக் கொண்டு சிஸ்ரெட் இயங்கினால், இன்டெல் செயலிகளில் பிழை கெர்னல் அதிகார நிலையிலேயே எழுகிறது. அந்நேரம் ஸ்டாக் எனும் தற்காலிக நினைவகப் பகுதியைக் காட்டும் சுட்டியோ பயனருடையதாக மாறியிருக்கும். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் 2012-இல் சிவிஇ-2012-0217 என்று பதிவான ஓட்டைக்கு இதுவே காரணம். ஏதேனும் ஒரு சோதனை தவறினாலும் ஐரெட் வழியே செல்லட்டும். ஐயம் எழும்போது மெதுவான வழியே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

சோதனைகளின் இடமும் முக்கியம். நிரலுக்கு அனுப்பப்படும் சிக்னல்களைக் கையாளுவதும், ஒரு நிரல் மற்றொன்றைக் கண்காணிக்க உதவும் பிடிரேஸும் சேமித்த பதிவகங்களை மாற்றக்கூடியவை என்பதால், அவ்வேலைகள் அனைத்தும் முடிந்து, செயலியின் வேலையை இடைமறிக்கும் குறுக்கீடுகள் (இன்டரப்ட்) நிறுத்தப்பட்ட பின்னரே சோதியுங்கள். பதில் பூலியன் வகையாக இருப்பதால், அசெம்பிளியில் ஆர்ஏஎக்ஸ் பதிவகத்தின் கீழ் எட்டு பிட்டுகளான ஏஎல்லை மட்டும் பாருங்கள். மேல் பிட்டுகளில் என்ன இருக்கும் என்பதற்குக் கம்பைலர் உறுதி தராது.

பதிவகங்களை மீட்பது, ஸ்டாக்கையும் பக்க அட்டவணையையும் மாற்றுவது, ஜிஎஸ் பதிவகத்தின் கெர்னல், பயனர் மதிப்புகளை இடமாற்றும் ஸ்வாப்ஜிஎஸ் கட்டளை, இறுதியாகச் சிஸ்ரெட் ஆகியவை அசெம்பிளியிலேயே இருக்கட்டும். மாற்றிய பின், கெர்னலுடன் வரும் எக்ஸ்86 சுயசோதனைகளில் சிஸ்ரெட்_ஆர்ஐபி, சிக்ரிட்டர்ன் இரண்டையும் உண்மையான இன்டெல் கணினியில் ஓட்டிப் பாருங்கள்.