மரச்சீனியின் நஞ்சை நீக்கி அவிக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மீன்குழம்போடு உண்ணும் மரச்சீனி எனப்படும் மரவள்ளிக் கிழங்கில் லினமாரின் என்னும் நைட்ரஜன் சேர்மம் உள்ளது; வெட்டும்போது கிழங்கின் நொதி அதைச் சிதைக்க, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது.

எனவே பழுப்பு மேல்தோலோடு உள்ளிருக்கும் தடித்த தொலியையும் உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸ்தான் என்பதால் அது ஆவியோடு போய்விடும். கரைந்த லினமாரின் வடிநீரோடு போகும். குக்கரில் கொஞ்சம் நீர் விட்டு அவிப்பதை நான் ஏற்பதில்லை.

கசக்கும் கிழங்கை உண்ணக் கூடாது. உண்டபின் வாந்தி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சயனைடுக்கான முறிமருந்துகளுள் ஒன்றான ஹைட்ராக்சோகோபாலமினும், பி12 வைட்டமினின் ஒரு வடிவமாகிய நைட்ரஜன் சேர்மமே. அதிலுள்ள கோபால்ட் சயனைடைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் வெளியேற்றுகிறது.