விமானிகளே, டியூட்டிக்குக் கிளம்பும் முன் களைப்பைக் கணக்குப் பாருங்கள்

ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, விதிப்படி இருந்தால் மட்டும் நீங்கள் பறக்கத் தகுதியோடு இருக்கிறீர்கள் என்று ஆகிவிடாது. கடைசி 24 மணி நேரத்தில் எவ்வளவு தூங்கினீர்கள், கடைசி 48 மணி நேரத்தில் எவ்வளவு, தரையிறங்கும்போது விழித்து எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று பாருங்கள். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தாலே கவனம் மது குடித்தவர் போல மந்தமாகிவிடும்.

அதிகாலை 2 முதல் 6 வரை உடம்பு தூக்கத்துக்கே இழுக்கும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி. ராத்திரி டியூட்டியா? மதியமே அறையை இருட்டாக்கி, போனை அணைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் தூங்கிவிடுங்கள். காபியின் காஃபீன் பாதி குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், அதனால் இறங்கியதும் படுக்கப் போகிறவர்கள் கடைசி செக்டரில் (அன்றைய டியூட்டியின் கடைசிப் பறப்பில்) அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

சளி மாத்திரை சிலது தூக்கம் வரவழைக்கும். விமான மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) சொன்ன உயரத்தைத் தப்பாகத் திருப்பிச் சொல்கிறீர்கள், செக்லிஸ்ட்டில் எந்த வரியில் இருந்தோம் என்று தேடுகிறீர்கள் என்றால், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். அப்புறம், கௌரவம் பார்க்காமல் களைப்பு அறிக்கையும் எழுதிக் கொடுங்கள்.