கோவை ஏர்போர்ட்டில் இறங்கி டாக்ஸி இல்லாமல் ஊர் போய்ச் சேர்வது எப்படி?

சென்னையிலிருந்து ஆஃபரில் ஃப்ளைட் டிக்கெட் பிடித்து வந்த பெருமையெல்லாம் கோவையில் இறங்கி, திருப்பூருக்கு டாக்ஸி எவ்வளவு என்று கேட்கும் வரைதான். பறந்து வந்த காசை மறுபடி ஒருமுறை கேட்டார்கள். ரோஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அன்று தப்பும் தவறுமாகப் போய்ச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு பலமுறை போய்வந்து இப்போது பழகிவிட்டது.

முதலிலேயே ஒன்று. நடுராத்திரி ஃப்ளைட், கைக்குழந்தை, மூன்று பெட்டி: இதில் இரண்டு உங்களிடம் இருந்தால் பேசாமல் டாக்ஸி எடுங்கள். மிச்சம் பிடிக்கும் காசு முதுகுவலித் தைலத்துக்குப் போய்விடும்.

படி 1: உங்கள் ஊர் எந்தத் திசை?

கோவையில் எல்லா ஊருக்கும் ஒரே பஸ் ஸ்டாண்ட் கிடையாது. திருப்பூர், ஈரோடு, சேலம் பஸ்கள் காந்திபுரத்தில் கிளம்பி அவிநாசி ரோட்டில் போகும். மதுரை, திருச்சி என்றால் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். மேட்டுப்பாளையம், ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்ட். ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருவதற்குள் இதில் உங்களுடையது எது என்று முடிவு செய்துவிடுங்கள்.

படி 2: சித்ரா வரை

டெர்மினலிலிருந்து அவிநாசி ரோடு சுமார் ஒரு கிலோமீட்டர். உருட்டும் பெட்டி என்றால் நடந்துவிடலாம். வெயில் என்றால் ஆட்டோ. அந்த முக்குக்குப் பெயர் சித்ரா. யார் அந்தச் சித்ரா என்று தேட வேண்டாம். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் வரும் எழுத்துகள், கண்டக்டர்கள் வாயில் சித்ராவாகிவிட்டன.

படி 3: ரோட்டைக் கடங்கள் (அல்லது கடக்காதீர்கள்)

நான் கோட்டை விட்டது இங்கேதான்.

ஏர்போர்ட் அவிநாசி ரோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. வெளியே வந்து அப்படியே நின்றால், அந்தப் பக்கம் வருவதெல்லாம் ஊருக்குள், அதாவது காந்திபுரம் பக்கம் போகிற வண்டி. திருப்பூர் பஸ் எதிர்ச்சாரியில் நிற்கும். எனக்கு இது தெரியாது. "பஸ் ஸ்டாண்டுக்குப் போனால்தான் சீட் கிடைக்கும்" என்று எப்போதோ கேட்ட அறிவுரை வேறு மண்டையில் இருந்தது. முன்னால் வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறி, பத்து கிலோமீட்டர் மேற்கே காந்திபுரம் போய், அங்கே திருப்பூர் பஸ்ஸைத் தேடி உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்து முடித்து, லட்சுமி மில்ஸ், ஹோப்ஸ் எல்லாம் தாண்டி, பஸ் ஒரு இடத்தில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சித்ரா. நான் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நின்றிருந்த அதே பெட்டிக்கடை, எதிர்ப்பக்கத்தில். அங்கே ஏறிய பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏர்போர்ட்டுங்களா தம்பி?" என்று என் பெட்டியில் ஒட்டியிருந்த டேகைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

ஆகவே திருப்பூர், அவிநாசி, ஈரோடு, சேலம் போகிறவர்கள் ரோட்டைக் கடந்து நில்லுங்கள். மற்ற எல்லோரும் கடக்காமல் நில்லுங்கள்.

படி 4: ஏறும் முன் ஒரு கேள்வி

"திருப்பூர் போகுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. திருப்பூர் பஸ் வரவில்லை, ஈரோடு பஸ்தான் வருகிறது என்றால் அதில் அவிநாசி வரை போய், அங்கிருந்து திருப்பூருக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் "அவிநாசி உள்ளே போகுமா, பைபாஸா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பைபாஸ் வண்டி உங்களை ஹைவேயில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கே ஆட்டோ பிடிக்கிற காசில் இதுவரை மிச்சம் பிடித்தது போய்விடும். 1 டூ 1 வண்டிகளை மறந்துவிடுங்கள், நடுவில் நிற்காது.

கட்டணத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 2018-இல் நிர்ணயித்தபடி சாதாரண வெளியூர் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா, எக்ஸ்பிரஸுக்கு 75 பைசா. டாக்ஸிக்காரர் சொன்ன தொகையை மனதில் வைத்துக்கொண்டு திருப்பூருக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு அதுவும் கிடையாது.

மற்ற ஊர்கள்

மதுரை, திருச்சி போகிறவர்கள் காந்திபுரம் வரை போகவே வேண்டாம். ஹோப்ஸில் இறங்கினால் அங்கிருந்து காமராஜர் ரோடு வழியாகச் சிங்காநல்லூர் பக்கம்தான். இரண்டு பேர் என்றால் ஏர்போர்ட்டிலிருந்தே ஆட்டோ பிடிப்பதும் நஷ்டமில்லை.

பொள்ளாச்சிக்கு உக்கடம் போகும் டவுன் பஸ் வந்தால் யோகம். இல்லையென்றால் காந்திபுரத்தில் மாற வேண்டும்.

ஊட்டிக்கும் காந்திபுரம் வழிதான். அங்கிருந்து மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்ட். பஸ்ஸில் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மலை ரயில் ஆசை இருந்தால் முதல் நாளே மேட்டுப்பாளையம் போய்த் தங்கிவிடுங்கள். அது காலை 7 மணி வாக்கில் கிளம்பிவிடும், எந்த ஃப்ளைட்டும் அதற்குச் சரியாக வராது.

எந்த ஆப்?

நடக்கிற வழிக்குக் கூகுள் மேப்ஸ். டவுன் பஸ் நேரத்துக்கு அதை நம்பாதீர்கள், ஸ்டாப்பில் பூ விற்கும் அக்காவைக் கேளுங்கள். ரயிலுக்கு 'வேர் இஸ் மை ட்ரெயின்' மட்டும்தான் என் போனில் இருக்கிறது. ஏர்போர்ட்டுக்குக் கிட்ட பீளமேடு ஸ்டேஷன் இருக்கிறதே என்று மேப்பைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் அங்கே நிற்காது. ரயில் என்றால் கோவை ஜங்ஷன்தான்.

பிற்சேர்க்கை

"சித்ராவில் அரை மணி நேரம் நின்றேன், திருப்பூர் பஸ் என் தலைக்கு மேலேயே போய்விட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். கிண்டலில்லை, நிஜமாகவே தலைக்கு மேலேதான். 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையத்தில் தொடங்கி கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் போகிறது. மேலே ஏறிய வண்டி கீழே சித்ராவில் எப்படி நிற்கும்? பத்து நிமிடத்தில் எதுவும் நிற்கவில்லை என்றால் அங்கேயே நிற்காமல், சின்னியம்பாளையம் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். மேம்பாலம் அதற்குள் முடிந்துவிடும், மேலே வந்தது கீழே வந்தது எல்லாம் ஒரே ரோட்டில்தான்.

திரும்பி ஏர்போர்ட்டுக்கு வரும்போதும் இதே கதைதான். திருப்பூரில் ஏறும்போதே "கீழ வழியா, பாலத்து மேலயா?" என்று கேளுங்கள். கீழ வழி என்றால் சித்ராவில் இறங்குங்கள், ஏர்போர்ட் பக்கமே இறக்கிவிடுவார்கள், ரோட்டைக் கடக்க வேண்டாம். மேலே என்றால் சின்னியம்பாளையத்திலேயே இறங்கி டவுன் பஸ்ஸுக்கு மாறிவிடுங்கள். தூங்கிவிட்டால் உப்பிலிபாளையத்தில்தான் கண் விழிப்பீர்கள்.