நாள் தள்ளிப்போகிறதா? ஹார்மோன் மாத்திரையில் செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். போனில் தோழி அனுப்பிய மாத்திரை அட்டையின் படம். "அக்கா, இது பத்து நாளைக்கு வேணும். இயற்கை ஹார்மோன்தானே, ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்றார். படத்தில் இருந்தது 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன், நாள் தள்ளிப்போகிறவர்களுக்கு மாதவிடாயை வரவழைக்க டாக்டர்கள் எழுதும் ஹார்மோன் மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லை, அதனால் கொடுக்கவில்லை. ஆனால் அப்படியே அனுப்பினால் அடுத்த தெருவில் எப்படியாவது வாங்கிவிடுவார் என்று தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

முதல் தவறு அந்த 'இயற்கை' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் சினைப்பையில் சுரப்பதும் மாத்திரையில் இருப்பதும் வேதியியல்படி ஒரே பொருள் என்பதுதான் இங்கே அதற்கு அர்த்தம். வேரைப் பிடுங்கி அரைத்து எடுத்தது என்பதல்ல. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கு ஒன்றிலிருந்து டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் படிப்படியாக மாற்றித்தான் புரோஜெஸ்டிரோனை உண்டாக்கினார். அந்த மாற்றத்தை நம் உடம்பால் செய்ய முடியாது. ஆகவே, வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வாங்கிவரும் காட்டுக் கிழங்கு கிரீமை எவ்வளவு தடவினாலும் அது உடம்பில் புரோஜெஸ்டிரோனாக மாறாது. எள்ளுருண்டை, உளுந்தங்களியும் அப்படித்தான். நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். அதை நம்பி மாதக்கணக்கில் டாக்டரிடம் போகாமல் இருக்காதீர்கள்.

இயற்கையானது என்பதால் ஒன்றும் செய்யாது என்பதும் சரியில்லை. வாய்வழி சாப்பிடும் புரோஜெஸ்டிரோன் உடம்பில் சிதையும்போது மூளையை மந்தப்படுத்தும் ஒரு பொருள் உண்டாகிறது. காலையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவர்கள், நிற்க முடியவில்லை என்று என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இரவு படுக்கும் முன் போடச் சொல்வார்கள். சில தயாரிப்புகளில் கடலை எண்ணெய் இருக்கும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், விசேஷம், கோயில் என்று நாளைத் தள்ளிப்போட வாங்கும் நோரெதிஸ்டிரோன். அது செயற்கை ஹார்மோன், வேறு மருந்து. அக்காவுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது என்று தங்கை எடுத்துப் போடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்களுக்கு அந்த மாத்திரை ஆபத்து.

எண்ணுவதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். மாத்திரையை இத்தனையாவது நாளில் தொடங்கு என்று டாக்டர் எழுதியிருப்பார். அந்தக் கணக்கில் முதல் நாள் என்பது ரத்தப்போக்கு தொடங்கிய நாள். நம் ஊரில் பலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அங்கேயே மூன்று, நான்கு நாள் பிசகிவிடுகிறது. கருமுட்டை வெளிவருவதற்கு முன்பே புரோஜெஸ்டிரோனைத் தொடங்கினால், முட்டை வெளிவருவதே தடைபடலாம். குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்திய சில நாளில் ரத்தப்போக்கு வந்ததும், "சரியாயிடுச்சு" என்று நிம்மதியாகி விடுகிறார்கள். அதைக் கேட்க எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் எதுவும் சரியாகியிருக்காது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனால் தடித்திருந்த கர்ப்பப்பையின் உள்சவ்வு, புரோஜெஸ்டிரோன் நின்றதும் உதிர்ந்து வெளியேறுகிறது, அவ்வளவுதான். நீர்க்கட்டிப் பிரச்சினையில் மாதக்கணக்கில் வராமல் இருப்பவர்களுக்கு அந்த உதிர்தல் தேவைதான். மூன்று மாதத்துக்கு மேல் உதிராமல் சவ்வு தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. ஆனால் நாள் ஏன் தள்ளிப்போனது? தைராய்டா, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடியதா, திடீரென்று எடை கூடியதா? அதைப் பார்க்காமல் மாதாமாதம் மாத்திரையால் வரவழைத்தால் காரணம் மறைந்தே கிடக்கும். கல்யாணமானவரோ இல்லையோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். 40 வயதைத் தாண்டியவருக்கு ரத்தப்போக்கு தாறுமாறாக வந்தால் ஸ்கேன் பார்க்காமல் ஹார்மோன் மாத்திரையைத் தொடவே கூடாது. கர்ப்பப்பைப் புற்றுநோயும் அப்படித்தான் தலைகாட்டும்.

அந்தக் கல்லூரி மாணவியிடம் கடைசி நான்கு தேதிகளைக் கேட்டு, கடை காலண்டரில் வட்டம் போட்டோம். இடைவெளி 31 நாள், 34 நாள், 32 நாள். "ஒவ்வொரு மாசமும் தேதி மாறுதே" என்றார். தேதி மாறுவது இயல்பு. 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் அது ஒழுங்கான சுழற்சிதான். அவருக்கு நாள் தள்ளவே இல்லை.

வலிதான் அவருடைய உண்மையான பிரச்சினை. மாதம் இரண்டு நாள் கல்லூரிக்குப் போவதில்லை என்றார். கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் புரோஸ்டாகிளாண்டின் அதிகமானால் வலி வருகிறது. மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அது சுரப்பதையே குறைக்கின்றன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தாங்க முடியாதபோது போட்டால் பாதிப் பலன்தான். வலி லேசாகத் தொடங்கும்போதே, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் போடக்கூடாது. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் நன்றாகவே உதவும்.

அதற்கும் அடங்காத வலி, நாள் வருவதற்கு முன்பே தொடங்கும் வலி, மலம் கழிக்கும்போது குத்தும் வலி, வருஷத்துக்கு வருஷம் கூடும் வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று அம்மாவோ பாட்டியோ சொன்னாலும் கேட்காதீர்கள். அதற்கும் ஹார்மோன் மருந்துகள் உண்டு. எது, எத்தனை மாதம் என்பதை மகப்பேறு மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வலி எந்த நாளில் தொடங்குகிறது, எத்தனை நாள் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை பேடு, கட்டி கட்டியாகப் போகிறதா என்று போனிலேயே குறித்துக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டே, "டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லலாமாக்கா?" என்று கேட்டார். எதையும் விடாமல் சொல்லச் சொன்னேன்.