லாகின் பக்கம்: எல்லாப் பழியையும் பாஸ்வேர்ட் தலையில் கட்டாதீர்கள்

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் நின்றுகொண்டு ஒருவர் ஷீட் விலை பார்க்க ஒரு தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொபைல் எண்ணும் சரி, பாஸ்வேர்டும் சரி. சிக்னல் மட்டும் ஒரே கோடு. பட்டனைத் தட்டுகிறார். அரை நிமிடம் சுற்றிவிட்டு 'பாஸ்வேர்ட் தவறு' என்று வருகிறது. உண்மையில் அவர் தட்டியது சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை. அதை அறியாமல் பழைய பாஸ்வேர்ட், மகன் பெயர், பிறந்த வருடம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். அதற்குள் சிக்னல் திரும்பிவிடுகிறது. இப்போது சர்வருக்குப் போவதெல்லாம் தவறான பாஸ்வேர்டுகள். ஐந்தாவது முறை கணக்கு பூட்டிக்கொள்கிறது.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் தளம் செய்து கொடுப்பவர்கள் முதலில் திருத்த வேண்டிய தவறு இதுதான்.

ஒரே கேட்ச், ஒரே பதில்

கோடில் இது நுழையும் இடம் பெரும்பாலும் ஒன்றே. சர்வரிடம் கேட்டுப் பதில் வாங்கும் ஃபெட்ச் அழைப்பைச் சுற்றி, பிழையைப் பிடிக்கும் ஒரு ட்ரை-கேட்ச் போட்டு, எது தவறினாலும் கேட்ச் பகுதியில் 'பாஸ்வேர்ட் தவறு' என்று காட்டிவிடுவது. ஃபெட்ச் நடந்துகொள்ளும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இதில் உள்ள பிசகு புரியும். சர்வர் தன் பதிலின் எண்ணாக 401 (அடையாளம் சரியில்லை) சொன்னாலும் 500 (சர்வரில் கோளாறு) சொன்னாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. பதில் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். இணைப்பே அறுந்தால்தான் கேட்ச் பக்கம் போகும். ஆகவே கேட்சுக்கு வருவது பெரும்பாலும் இணையக் கோளாறு. பாஸ்வேர்ட் சரியா இல்லையா என்பதை வந்த பதிலின் எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

401 வந்தால் மட்டும் 'மொபைல் எண் அல்லது பாஸ்வேர்ட் சரியில்லை' என்று காட்டுங்கள். 429 என்றால் முயற்சிகள் மிகுந்துவிட்டன என்று பொருள். அந்தப் பதிலோடு ரீட்ரை-ஆஃப்டர் என்ற ஹெடரில் எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்று சர்வர் அனுப்பலாம். அதை எடுத்து '2 நிமிடம் கழித்து முயலுங்கள்' என்று எழுதுங்கள். வெறுமனே 'பிறகு முயலவும்' என்றால், பத்து வினாடியில் திரும்பவும் தட்டத்தான் செய்வார்கள். 500, 503 வந்தால் 'எங்கள் பக்கம் கோளாறு. பாஸ்வேர்டை மாற்ற வேண்டாம், சிறிது நேரம் கழித்து வாருங்கள்'. பதிலே வராவிட்டால் 'இணையம் கிடைக்கவில்லை. நீங்கள் எழுதியது அப்படியே இருக்கிறது, சிக்னல் வந்ததும் மீண்டும் தட்டுங்கள்'. ஃபெட்ச்சுக்குத் தானாகக் கைவிடும் நேரம் எதையும் நீங்கள் வைக்காவிட்டால் சக்கரம் நெடுநேரம் சுற்றும். அழைப்பைப் பாதியில் நிறுத்தும் அபார்ட்கண்ட்ரோலர் வைத்து 15 வினாடியில் நிறுத்துவது நல்லது.

சிலர் எல்லாப் பிழைக்கும் 200 (எல்லாம் சரி) என்று பதில் அனுப்பி, உள்ளே ஒரு வரியில் தோல்வி என்று எழுதுவார்கள். தளத்தைக் கண்காணிக்கும் கருவிக்கு அது எல்லாம் நலம் என்றே தெரியும். இரவு முழுவதும் யாராலும் உள்ளே வர முடியாவிட்டாலும் அலாரம் அடிக்காது.

படிவம் நம் தளத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறியான சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் காலாவதியாவதும் இதில் சேரும். கடைக் கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டரில் காலையில் திறந்த லாகின் பக்கம் மாலை வரை அப்படியே கிடக்கும். லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் செய்த தளமாக இருந்தால் அப்போது 419 என்ற எண்ணோடு ஒரு வெற்றுப் பக்கம் வந்து நிற்கும். புது டோக்கனைப் பின்னணியில் வாங்கி, எழுதிய எண்ணை அழிக்காமல், 'பக்கம் நெடுநேரம் திறந்திருந்தது, இன்னொரு முறை தட்டுங்கள்' என்றால் போதும்.

உண்மை சொல்வது வேறு, ஊருக்கெல்லாம் சொல்வது வேறு

'இந்த எண்ணில் கணக்கு இல்லை' என்று காட்டுவது உதவி மாதிரித் தெரியும். ஆனால் யார் வேண்டுமானாலும் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு, யாருக்கெல்லாம் கணக்கு உண்டு என்று பட்டியல் எடுத்துவிடலாம். நம் ஊர்களில் ஒருவர் எண் இன்னொருவர் போனில் இருக்கும். தேன் விற்கும் தளம் என்றால் பெரிய விஷயமில்லை. மனநல ஆலோசனை, திருமணத் தகவல், கடன் என்று வரும்போது 'கணக்கு உண்டு' என்ற ஒரு வரியே அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாத செய்தி.

வாசகத்தை ஒன்றாக்கியதோடு வேலை முடிவதில்லை. கணக்கு இருந்தால் சர்வர் பாஸ்வேர்டைப் பிக்ரிப்ட் என்ற முறையில் ஹேஷ் போட்டு (திருப்ப முடியாத குறியீடாக மாற்றி) ஒப்பிடும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதற்காகவே மெதுவாகச் செய்யப்பட்டது அது. கணக்கு இல்லையென்றால் உடனே திரும்பிவிடும். பதில் வரும் வேகத்தை அளப்பவருக்கு விடை கிடைத்துவிடும். கணக்கு இல்லாத போதும் ஒரு பொய் ஹேஷோடு ஒப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கான பக்கத்திலும் 'இந்த எண்ணில் கணக்கு இருந்தால் ஓடிபி வரும்' என்ற ஒரே பதிலே போதும். புதுக் கணக்கு தொடங்கும் பக்கத்தில் 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது' என்று உடைத்துச் சொல்லிக்கொண்டு லாகினில் மட்டும் மறைப்பது, முன்வாசலைப் பூட்டிவிட்டு அடுக்களை வாசலைத் திறந்துபோட்டதற்குச் சமம்.

பத்து இலக்கம் என்ற நினைப்பு

வளைகுடாவில் ஒருவராவது இல்லாத தெரு இந்தக் குமரி மாவட்டத்தில் குறைவு. அவர்கள் எண் 10 இலக்கத்தில் வராது. நாட்டுக் குறியீடு போக அமீரகத்திலும் சவூதியிலும் மொபைல் எண் 9 இலக்கம், குவைத்திலும் கத்தாரிலும் 8. 'சரியான 10 இலக்க எண்ணைத் தரவும்' என்ற பிழை அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து மொத்தம் 15 இலக்கம் வரை என்பதே சர்வதேச வரம்பு. அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. வாட்ஸாப்பிலிருந்து நகலெடுத்த எண் +91 என்று தொடங்கும். கட்டத்துக்கு மேக்ஸ்லெங்த் (எழுத்து வரம்பு) 10 என்று வைத்திருந்தால் பிரவுசர் முதல் 10 எழுத்தை எடுத்துக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். கடைசி மூன்று இலக்கம் காணாமல் போயிருக்கும்; நடுவில் இடைவெளி இருந்தால் அதற்கும் மேல். வெட்டாதீர்கள், முழுவதையும் வாங்கி இடைவெளி, கோடு, முன்னால் உள்ள 0, +91 ஆகியவற்றை நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள். கட்டத்தின் வகை 'நம்பர்' ஆக இருக்கக்கூடாது, 'டெல்' ஆக இருக்கட்டும். ஓடிபியையும் எண்ணாகச் சேமிக்காதீர்கள். 0-இல் தொடங்கும் ஆறு இலக்க ஓடிபி ஐந்து இலக்கமாகச் சுருங்கிவிடும். பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் பிழை என்பதால் சோதனையில் சிக்காது, வாடிக்கையாளரிடம்தான் சிக்கும்.

ஈமெயில் கேட்கும் தளமென்றால் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியை நிறுத்துங்கள், முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்குங்கள். போன் கீபோர்டு பரிந்துரைத்த சொல்லைத் தொட்டால் வால்போல ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும்.

தமிழில் பாஸ்வேர்ட் வைத்தவருக்கு என்ன நேர்கிறது

பலர் யோசிக்காத இடம் இது, அதனால் சற்று விரிவாகப் பார்ப்போம். ஒருவர் 'கொல்லங்கோடு' என்று பாஸ்வேர்ட் வைக்கிறார். எழுத்துகளுக்குக் கணினி தரும் எண்களின் பொதுப் பட்டியலான யூனிகோடில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டு குறியீடாகப் பிரித்தும் எழுதலாம். 'கோ'வும் அப்படியே. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதல் முறையில் அந்தச் சொல் 11 குறியீடு, இரண்டாவதில் 13. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் கணக்கில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ஆக ஒன்று 33 பைட், மற்றொன்று 39. ஹேஷ் போட்டால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. போன் கீபோர்டு ஒரு விதமாகவும் கம்ப்யூட்டர் கீபோர்டு வேறு விதமாகவும் அனுப்பினால், மனிதர் சரியாகத் தட்டியும் 'சரியில்லை' என்றே வரும். ஹேஷ் போடும் முன், பிரிந்த குறிகளை ஒன்றுசேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. கணக்கு தொடங்கும்போது, லாகினில், பாஸ்வேர்ட் மாற்றும்போது என மூன்று இடத்திலும் அந்த ஒரு வரி இருக்க வேண்டும். ஓர் இடத்தில் விட்டாலும் பழைய கதைதான்.

அடுத்தது நீளம். பிக்ரிப்ட் 72 பைட் வரைதான் பார்க்கும். ஆங்கில எழுத்தில் அது 72, தமிழில் 24 குறியீடு. 'கன்னியாகுமரி' என்பது 12 குறியீடு, 36 பைட். அதை இரண்டு முறை சேர்த்து எழுதினாலே 72 நிரம்பிவிடும். அதற்குப் பின் எதை எழுதினாலும் கணக்கில் வராது. சில நிரல் நூலகங்கள் மீதியை அமைதியாக வெட்டும், சில பிழை எறியும். எறிந்த பிழையை யாரும் பிடிக்காவிட்டால் 500, அதையும் 'பாஸ்வேர்ட் தவறு' என்று காட்டும் தளங்கள் உண்டு. இன்னொரு ஹேஷ் முறையான ஆர்கான்2-க்கு இந்த 72 வரம்பு இல்லை. பிக்ரிப்டிலேயே இருப்பதானால் பைட்டில் எண்ணி, கணக்கு தொடங்கும்போதே வரம்பைச் சொல்லிவிடுங்கள்.

பதிவுப் பக்கத்தின் பாஸ்வேர்ட் கட்டத்தில் மேக்ஸ்லெங்த் 20, லாகின் பக்கத்தில் வரம்பே இல்லை என்பது இன்னொரு பிசகு. பாஸ்வேர்ட் மேனேஜர் 24 எழுத்தை ஒட்டியிருக்கும், 20 மட்டும் சேமிக்கப்பட்டிருக்கும். பிறகு எந்தக் காலத்திலும் பொருந்தாது. லாகின் பக்கத்தில் 'குறைந்தது 8 எழுத்து, ஒரு சிறப்புக் குறி' என்ற விதியைச் சரிபார்ப்பதும் வேண்டாம். பழைய வாடிக்கையாளரின் பாஸ்வேர்ட் 6 எழுத்தாக இருக்கலாம், விதி பின்னால் வந்தது. ஒட்டுவதைத் தடுப்பது பாதுகாப்பு என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் வழிகாட்டி ஒட்ட விடச் சொல்கிறது. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூகேக் 2.2 என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான இணைய அணுகல் விதிகளும் அந்தப் பக்கம்தான்.

பூட்டு யார் கையில்

ஐந்து தவறுக்கு 24 மணி நேரப் பூட்டு என்று வைத்தால், அந்தப் பூட்டு யார் கையிலும் போய்விடும். ஓணத்துக்கு முந்தின நாள் தோவாளைப் பூ வியாபாரி ஒருவரின் எண் தெரிந்தவர் வேண்டுமென்றே ஐந்து முறை தவறாகத் தட்டினால் அன்றைய ஆர்டர் முழுவதும் போச்சு. ஐந்துக்கு மேல் ஒவ்வொரு தவறுக்கும் காத்திருப்பை 30 வினாடி, 1 நிமிடம், 2 நிமிடம் எனக் கூட்டிக்கொண்டு போவது நல்ல வழி. ஐபி முகவரியை மட்டும் பார்த்துத் தடுப்பதும் ஆபத்து. மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன, கல்லூரி லேபிலும் அதுதான் நிலை. கணக்கு, ஐபி இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஓடிபியில் வரும் குழப்பம் வேறு மாதிரி. குறுஞ்செய்தி தாமதமாகிறது, 'மீண்டும் அனுப்பு' தட்டப்படுகிறது, புது ஓடிபி பழையதைச் செல்லாததாக்குகிறது, அந்த நேரம் பார்த்துப் பழையது வந்து சேருகிறது. காலம் முடியும்வரை மறு அனுப்பலில் அதே ஓடிபியையே அனுப்பினால் இந்தச் சிக்கலே இல்லை. செய்தியைத் தமிழில் அனுப்புவதானால் ஒரு குறுஞ்செய்திக்கு 160 அல்ல, 70 குறியீடுதான். ஓடிபி எண் முதலில் வரட்டும். வணிகக் குறுஞ்செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்யும் அமைப்பான டிஎல்டி-யில் பதிவான வாசகத்திலிருந்து சற்று விலகினாலும் செய்தி போகாது, உங்கள் தளமோ 'அனுப்பிவிட்டோம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆறு தனித்தனிக் கட்டங்கள் அழகுதான். ஒட்டினால் முதல் கட்டத்தில் ஒரே ஓர் இலக்கம் விழும். ஒரே கட்டம் போதும், அதன் ஆட்டோகம்ப்ளீட் பண்பில் 'ஒன்-டைம்-கோட்' என்று எழுதினால் போனே நிரப்ப உதவும்.

பிழையின் மொழியும் இடமும்

'செல்லுபடியாகாத சான்றுகள்' என்று ஒரு தளம் சொன்னால் தாலுகா ஆபீசில் வாங்கிய வருமானச் சான்றைத்தான் தேடுவார்கள். 'அங்கீகாரம் தோல்வியுற்றது' என்பதும் யாரும் பேசாத தமிழ். கட்டத்தை வெறுமையாக விட்டால் பிரவுசர் தானே ஒரு குமிழைக் காட்டும், அது பிரவுசரின் மொழியில்தான் வரும். உங்கள் தமிழ்த் தளத்தில் திடீரென ஆங்கிலம் முளைப்பது அதனால்தான். செட்கஸ்டம்வேலிடிட்டி என்ற ஜாவாஸ்கிரிப்ட் அழைப்பைக் கொண்டு உங்கள் வாசகத்தைக் கொடுங்கள்.

மூன்று வினாடியில் மறையும் டோஸ்ட் (சிறு அறிவிப்புப் பெட்டி) வேண்டாம். திரையின் அடியில் எழுதினால் கீபோர்டு மறைத்துவிடும். பட்டனுக்கு மேலேயே நிற்கட்டும். சிவப்பு நிறம் மட்டும் காட்டிவிட்டு எழுத்தே இல்லாமல் விடாதீர்கள். திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக் வைத்துக் கேட்பவருக்காக 'ரோல் அலர்ட்' கொண்ட ஒரு வெற்றுப் பெட்டியைப் பக்கம் திறக்கும்போதே வைத்திருந்து, பிறகு அதனுள் வாசகத்தைப் போடுங்கள். பெட்டியும் வாசகமும் ஒன்றாக வந்தால் சில கருவிகள் வாசிப்பதில்லை.

கடைசியாக, சர்வர் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் லாக் கோப்பு. தோற்ற முயற்சிகளில் எழுதப்பட்ட பயனர் பெயரை அப்படியே பதிவு செய்வது வழக்கம். அவசரத்தில் கட்டம் மாறிப் பாஸ்வேர்டைப் பெயர்க் கட்டத்தில் தட்டுபவர்கள் உண்டு. அடுத்த வரியிலேயே அதே ஐபியிலிருந்து சரியான எண்ணோடு ஒரு வெற்றி பதிவாகியிருக்கும். இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் பூட்டும் சாவியும் ஒரே இடத்தில். கணக்கு இருக்கும் எண்ணாக இருந்தால் மட்டும் பதிவு செய்யுங்கள், மற்றதற்கு 'அறியாத பெயர்' என்று எழுதினால் போதும்.