தடை நீங்கிவிட்டதா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஒரு நாட்டின் மீதான பொருளாதாரத் தடை நீக்கப்படுகிறது என்று செய்தி வந்தால், கொழும்பில் தேயிலையோ தேங்காய்ப் பொருட்களோ ஏற்றுமதி செய்பவர்களின் முதல் கேள்வி, “அப்ப இனி அனுப்பலாம்தானே?” என்பதுதான். கேள்வியில் பிழையில்லை. ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதிலை எதிர்பார்ப்பதில்தான் சிக்கல். அந்த எதிர்பார்ப்போடு சரக்கை ஏற்றினால் பணம் நடுவழியில் மாட்டிக்கொள்ளும்.

முதல் தவறு, அறிவிப்பைச் சட்டமாக எடுத்துக்கொள்வது. சிரியாவைப் பாருங்கள். 2025 மே 13ஆம் திகதி ரியாத்தில் வைத்து, சிரியா மீதான தடைகளை நீக்கப்போவதாக அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் அறிவித்தார். அன்றைக்கு எந்தச் சட்டமும் மாறவில்லை. மே 23ஆம் திகதிதான் அமெரிக்கத் திறைசேரியின் பொது அனுமதி வந்தது. அடிப்படைத் தடைகளை இரத்துச்செய்யும் நிறைவேற்று ஆணையில் ஜூன் 30ஆம் திகதி கையெழுத்திடப்பட்டது. அப்போதும் சிரியா மீது தடை விதிக்கும், சீசர் சட்டம் என்று அழைக்கப்படும் சட்டம் அப்படியே இருந்தது. அது காங்கிரஸ் இயற்றியது. ஜனாதிபதியால் அதைத் தற்காலிகமாக விலக்கிவைக்க முடியும், அழிக்க முடியாது. அந்த ஆண்டு டிசம்பரில் காங்கிரஸே அதை நீக்கியது. சிரியாவின் முன்னாள் ஜனாதிபதி அசாத்தும் அவருடைய ஆட்களும் தடைப்பட்டியலில் தொடர்ந்து இருந்தார்கள். “தடை நீங்கியது” என்ற இரண்டு சொற்களுக்கு ஏழு மாதங்களில் இத்தனை அர்த்தங்கள். செய்தித் தலைப்பின் திகதியைப் பார்த்து விலை பேசுகிறவர், எந்த ஆவணம் எந்தத் திகதியில் நடைமுறைக்கு வருகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, தடையைப் போட்டது யார் என்று கேட்காமல் விடுவது. ஐ.நா. பாதுகாப்புச் சபை, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரித்தானியா எல்லாம் தனித்தனியே தடை போடுகின்றன, தனித்தனியேதான் எடுக்கின்றன. ஐ.நா. தடைகள் இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகளாக வர்த்தமானியில் வருகின்றன. அதனால் நியூயோர்க்கில் நடந்ததை மட்டுமல்லாமல் நம்முடைய வர்த்தமானியையும் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தடைக்கு இலங்கைச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் கொழும்பு வியாபாரியை அதிகம் கட்டிப்போடுவது அதுதான். காரணம் டொலர். இங்கிருந்து போகும் டொலர் விலைச்சிட்டை பெரும்பாலும் நியூயோர்க்கில் உள்ள ஒரு வங்கியின் கணக்கு வழியாகத்தான் தீர்க்கப்படுகிறது. பணம் அந்த வாசலைத் தாண்டும் கணத்தில் அமெரிக்கச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

2016 ஜனவரி 16ஆம் திகதி ஈரான் மீதான அணுசக்தித் தடைகள் நீக்கப்பட்டபோது இதைத்தான் பலர் கவனிக்கவில்லை. ஐ.நா.வும் ஐரோப்பிய ஒன்றியமும் தங்கள் தடைகளில் பெரும்பகுதியை எடுத்தன. அமெரிக்கா எடுத்தது, வேறு நாட்டவர்கள் ஈரானோடு வியாபாரம் செய்தால் தண்டிக்கும் பகுதியைத்தான் பெரும்பாலும். தன் வங்கிகள் ஈரானியப் பணத்தைத் தொடக்கூடாது என்ற விதி அப்படியே நின்றது. பேச்சளவில் திறந்த சந்தை, டொலரில் மூடியே இருந்தது. 2014இல் பிரான்ஸின் பிஎன்பி பரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா தொடர்பான கொடுக்கல்வாங்கல்களுக்காகக் கிட்டத்தட்ட 890 கோடி டொலர் தண்டம் கட்ட நேர்ந்ததை உலகத்து வங்கிகள் எதுவும் மறக்கவில்லை. சட்டம் அனுமதித்தாலும் வங்கி தயங்குவது அதனால்தான். கொழும்பு வங்கி அதிகாரி எல்.சி.யை (வாங்குபவரின் வங்கி தரும் கொடுப்பனவு உறுதிப் பத்திரத்தை) திருப்பி அனுப்பினால் அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. அவருக்கு மேலே இருக்கும் நியூயோர்க் வங்கி கணக்கை மூடினால் நம் எல்லாருடைய எல்.சி.யும் நிற்கும்.

அந்த அதிகாரி கேட்பவை வீண் கேள்விகளும் அல்ல. வாங்குபவர் துபாயில் பதிவான கம்பனி. ஆனால் கப்பல் ஏற்றுப் பத்திரத்தில் இறங்குதுறை ஈரானின் பந்தர் அப்பாஸ். அப்படியானால் உண்மையில் வாங்குவது யார்? பெயர் மாறினாலும் மாறாத, கப்பலின் ஐ.எம்.ஓ. பதிவு இலக்கம் என்ன, அதன் பழைய பெயர் என்ன? வாங்கும் கம்பனியில் யாருக்கு எவ்வளவு பங்கு? தடைப்பட்டியலில் உள்ளவர்கள் 50 வீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால், கம்பனியின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதுவும் முடக்கப்பட்டதாகவே அமெரிக்கத் திறைசேரி கருதுகிறது. பெயரை மட்டும் தேடிப்பார்த்து “கிளியர்” என்று சொல்லிவிடுவது இந்த இடத்தில்தான் காலை வாரும்.

பண்டத்துக்குத் தடையா, பணத்துக்குத் தடையா என்பதைக் குழப்பிக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தேயிலை உணவுப்பொருள். அமெரிக்கச் சட்டத்திலேயே உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. ஈரானியர் நம் தேயிலையைக் குடிப்பதை யாரும் தடுக்கவில்லை. அதற்குரிய காசு வரும் வழிதான் அடைபட்டது. இங்கிருந்து ஈரானுக்குப் பணம் போக வேண்டிய திசையிலும் இதே கதைதான். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இல் திறக்கப்பட்டது, ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது. 2012இல் தடை இறுகியபோது வாங்கிய எண்ணெய்க்கான ஏறத்தாழ 25 கோடி டொலரை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தால் அனுப்ப முடியவில்லை. 2021 டிசம்பரில் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை அந்தக் கடனைத் தேயிலையால் தீர்க்க வழி செய்தது: மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலை ஈரானுக்கு, இங்கே ஏற்றுமதியாளருக்கு ரூபாயில் கொடுப்பனவு. டொலர் எல்லையைத் தாண்டவே இல்லை. அப்படியும் முதல் தேயிலை போக 2023 ஆகிவிட்டது.

ஈரானும் ஈராக்கும் சிரியாவும் விரும்பும் கறுத்த, முறுக்கிய இலை பெரும்பாலும் நுவரெலியாவில் விளைவதல்ல. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை அது. அதில் பெரும்பங்கு சிற்றுடைமையாளர்களுடையது. தெஹ்ரானில் ஒரு வங்கி துண்டிக்கப்பட்டால், கொழும்பு ஏலத்தில் அந்த ரகத்தின் விலை இறங்கி, ஒரு ஏக்கரும் இல்லாத குடும்பத்தின் பச்சைக்கொழுந்துக் காசு குறையலாம். தடையைப் பற்றிய பேச்சு வல்லரசுகளின் பேச்சாகவே முடிந்துவிடுவது எனக்குப் பொறுக்காததற்கு இதுவே காரணம்.

இன்னொன்று: ஆட்கள் மீதான தடையை நாட்டின் மீதான தடை என்று எழுதுவது. 2025 மார்ச்சில் பிரித்தானியா முன்னாள் படைத் தளபதிகள் மூவர் மீதும் கருணா மீதும் தடை விதித்தது. அது அந்த நால்வரின் பயணத்தையும் சொத்தையும் பற்றியது, இலங்கையின் ஏற்றுமதியைப் பற்றியதல்ல. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் இறக்குமதி வரிச் சலுகையை நிறுத்தியதும் தடையல்ல, சலுகை போனதுதான்.

கடைசியாக, நீங்கிய தடை நீங்கியே இருக்கும் என்று நம்புவது. ஈரான் விஷயத்தில் 2016 ஜனவரியில் திறந்த கதவை 2018 மே 8ஆம் திகதி அமெரிக்கா மூடத் தொடங்கியது. வியாபாரத்தை முடித்துக்கொள்ள சில துறைகளுக்கு 90 நாள், எண்ணெய் உட்பட மற்றவற்றுக்கு 180 நாள் கொடுத்தது. நவம்பரில் ஈரானிய வங்கிகள் பல, வங்கிகளுக்கிடையே கொடுப்பனவுச் செய்தி அனுப்பும் சுவிஃப்ட் வலையமைப்பிலிருந்து மறுபடியும் வெளியேற்றப்பட்டன. 2025 செப்டம்பர் இறுதியில் ஐ.நா. தடைகளும் திரும்பின, ரஷ்யாவும் சீனாவும் அதை ஏற்கவில்லை. சூடானில் வேறு விதம்: 2017 ஒக்டோபரில் அமெரிக்கா வர்த்தகத் தடையை எடுத்தும், பயங்கரவாதத்துக்கு ஆதரவளிக்கும் நாடுகளின் பட்டியலில் அந்த நாடு 2020 டிசம்பர் வரை இருந்ததால் வெளிநாட்டு வங்கிகள் நெருங்கத் தயங்கின.

ஆகவே தடை நீங்கிய நாட்டோடு 90 நாள் கடனுக்கு வியாபாரம் பேசுகிறவர்கள், விலை சொல்வதற்கு முன்பே தங்கள் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த நாணயத்தில், இந்த வங்கி வழியாக, இந்தப் பொருளுக்கான காசை ஏற்பீர்களா? தொலைபேசியில் சொல்லும் ஆமுக்குப் பெறுமதியில்லை. ஒப்பந்தத்தில், தடை திரும்பி வந்தால் கடலில் இருக்கும் சரக்கு யாருடையது, துறைமுகத் தாமதக் கட்டணத்தை யார் கட்டுவது, முற்பணம் எத்தனை நாளுக்குள் எந்த நாணயத்தில் திரும்ப வேண்டும் என்ற மூன்றையும் எழுதிவையுங்கள். வாங்குபவர் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் முழுப்பணமும் கைக்கு வந்தபின் கொள்கலனை ஏற்றுங்கள்.